தங்கைக்குப் பழைய செடான் வாங்குவது: மாடலைவிட வண்டியைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறார். சிறுகனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறார். நாளொன்றுக்குப் போகவர 45 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், அதில் பெரும்பகுதி சென்னை நெடுஞ்சாலை. உரிமம் பெற்று ஓராண்டுதான் ஆகிறது. முழங்கால் நோயால் நடமாட்டம் குறைந்துபோன மாமியாரை மாதம் இரண்டு முறை மடக்குச் சக்கர நாற்காலியோடு தில்லைநகர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியிருப்பதால், டிக்கி உள்ள செடான்தான் வேண்டும் என்கிறீர்கள். கையில் இருப்பது 5 லட்சம் ரூபாய். எந்த மாடல் நம்பகமானது என்பது உங்கள் கேள்வி.

மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக 22 ஆண்டுகள் விபத்து வண்டிகளையும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளையும் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். மாடல் பற்றிய பதில் சிறியது. அதைச் சீக்கிரமே சொல்லிவிடுவேன். ஆனால் எட்டு ஆண்டுகள் ஓடிய ஒரு வண்டியின் நம்பகம் அதன் பெயர்ப்பலகையில் இல்லை. அந்த எட்டு ஆண்டுகளில் அதை யார் ஓட்டினார்கள், அது எங்கே நின்றது, எதில் மோதியது, எங்கே பழுது பார்க்கப்பட்டது என்பதில்தான் இருக்கிறது. ஒரே மாதம் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இரண்டு டிசையர்களில் ஒன்று இன்னும் பத்தாண்டு ஓடும் நிலையிலும் மற்றொன்று அடுத்த மழைக்குள் நடுவழியில் நின்றுவிடும் நிலையிலும் இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். 5 லட்சம் என்றால் வண்டிக்கு 4 லட்சத்து 40 ஆயிரத்திற்கு மேல் போக வேண்டாம். மீதி 60 ஆயிரத்தில் பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், நான்கு டயர், பேட்டரி, முதல் சர்வீஸ் எல்லாம் அடங்க வேண்டும். கையில் உள்ளதை முழுவதும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, தேய்ந்த டயரோடு நெடுஞ்சாலைக்குத் தங்கையை அனுப்பும் நிலை வரக்கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்ததால் புதிய வண்டிகளின் விலை இறங்கியது. அதற்கு முந்தைய விலைக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பேசும் விற்பனையாளரிடம் இதைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்பது நியாயமே.

இனி மாடல். உங்கள் தங்கையின் தேவையை வைத்துப் பார்த்தால் நான் முதலில் தேடுவது டொயோட்டா எட்டியோஸ் 1.5 பெட்ரோல். 2010 டிசம்பரில் வந்து 2020இல் நிறுத்தப்பட்ட வண்டி. டாஷ்போர்டு அழகாக இருக்காது, மீட்டர் நடுவில் இருக்கும், உள்ளே எல்லாம் எளிமையாக இருக்கும். ஆனால் டிக்கி 590 லிட்டருக்கு மேல். பின்னிருக்கையின் தரை மேடில்லாமல் சமமாக இருக்கும். கதவு அகலமாகத் திறக்கும். முழங்கால் மடங்காத ஒருவர் காலை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ள இந்தச் சமமான தரை எவ்வளவு உதவும் என்பது அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். 2016 செப்டம்பரில் வந்த பிளாட்டினம் எட்டியோஸில் எல்லா வகைகளிலும் முன்பக்க இரண்டு காற்றுப்பைகளும், பலமாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக்கும் உண்டு; ஆகவே அதற்குப் பிந்தையதையே தேடுங்கள். வாடகை வண்டியாக ஓடியவை இந்த மாடலில் மிகுதி என்பதுதான் சிக்கல். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அடுத்தது 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி டிசையர் 1.2 பெட்ரோல். இதிலும் அடிப்படை வகை முதலே இரண்டு காற்றுப்பைகளும் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். டிக்கி 378 லிட்டர்தான். 2018இல் வந்த இரண்டாம் தலைமுறை ஹோண்டா அமேஸ் 420 லிட்டர் டிக்கியோடு நல்ல வண்டிதான், ஆனால் உங்கள் பணத்திற்கு நல்ல நிலையில் கிடைப்பது கொஞ்சம் கடினம். ஹூண்டாய் எக்சென்ட் மலிவாகக் கிடைக்கும். மாருதி சியாஸ், ஹோண்டா சிட்டி இரண்டுமே வசதியானவை, டிக்கியும் 510 லிட்டர். ஆனால் இருக்கை தாழ்வு. உங்கள் தங்கையின் மாமியார் அதிலிருந்து எழுந்து வெளியே வருவதற்குள் களைத்துப்போவார். சிட்டியையே பார்ப்பதாக இருந்தால், 2013க்கு முந்தைய வண்டிகளில் டகாட்டா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பைக்கான திரும்பப்பெறும் அறிவிப்பு இருந்தது. சேஸ் எண்ணை (வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்) கொடுத்து அந்த வேலை செய்யப்பட்டதா என்று நிறுவனத்திடம் கட்டாயம் கேளுங்கள்.

ஃபோர்டு ஆஸ்பயர் ஓட்டுவதற்கு மிக நல்ல வண்டி. ஆனால் அந்த நிறுவனம் 2021இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஒரு பாகத்திற்காக வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வசதி நாள்தோறும் வேலைக்குப் போகிறவருக்கு இல்லை. ஃபோக்ஸ்வேகன் வென்டோ, ஸ்கோடா ராபிட் போன்றவற்றின் ஆட்டோமேட்டிக் வகைகளில் கியர்பாக்ஸ் பழுது வந்தால் செலவு உங்கள் கணக்கைத் தாண்டிவிடும். அவற்றை இப்போது விட்டுவிடலாம்.

டீசல் மலிவல்லவா என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லூரிக்கும் மற்ற வேலைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 13,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் கொடுக்கும், பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று கொண்டால், பெட்ரோலுக்கு ஏறத்தாழ 82,000, டீசலுக்கு 60,500. ஆண்டுக்கு மிச்சம் 21,500 ரூபாய். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பழைய டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு முறை கைவிட்டால் இரண்டு ஆண்டு மிச்சம் ஒரே வாரத்தில் போய்விடும். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவராக இருந்தால் வேறு பதில் சொல்வேன். உங்கள் தங்கைக்குப் பெட்ரோலே சரி.

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறேன். பழைய வண்டியில் தவிர்க்க வேண்டியவை மூன்று: வாடகைக்கு ஓடியது, பலமாக மோதியது, தண்ணீரில் மூழ்கியது. இவற்றில் கடைசி இரண்டையும் நன்றாகப் பூசி மறைத்துவிடுவார்கள்.

வாடகைக்கான டி போர்டில் ஓடிய வண்டியைச் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டாக மாற்றுவது சட்டப்படி செய்யக்கூடியதுதான். அதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு நாள், எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் நிலுவை போன்றவை தெரியும். அதோடு நில்லாமல் பதிவுச் சான்றான ஆர்.சி.யின் பழைய விவரங்களையும் பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். வாடகை வண்டிக்கான பாலிசி வேறு வகை, அதில் பயணிகளுக்கான பிரீமியம் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். வண்டியிலும் தடயம் இருக்கும்: கூரையில் கேரியர் பூட்டிய தழும்பு, பின்கதவின் உட்புறப் பிடியில் மழமழவென்ற தேய்மானம், ஓட்டுநர் இருக்கையைவிடப் பின்னிருக்கை அதிகம் அமுங்கியிருப்பது. வீட்டு வண்டியில் பின்னிருக்கை அவ்வளவு தேயாது. வெள்ளை போர்டிலேயே பிறந்து வளர்ந்த எட்டியோஸ் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள், கிடைக்கும்.

வெள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு வண்டியைப் பழுதுபார்க்க ஆகும் செலவு அதன் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். மிஞ்சிய உடல் ஏலத்திலோ பேரத்திலோ கைமாறும். அதை உடைத்துப் பாகங்களாக விற்பது ஒரு வழி. கழுவி, காயவைத்து, வண்டியாகவே மறுபடி சந்தைக்குக் கொண்டுவருவது இன்னொரு வழி. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூரிலும் மணப்பாக்கத்திலும் வீதிவீதியாக நான் பார்த்த வண்டிகளின் சேஸ் எண்களை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு நண்பருக்காக வேறொரு மாவட்டத்தில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடை) வெள்ளி நிற செடான் ஒன்றைப் பார்க்கப் போனேன். வெளியே கண்ணாடிபோல் பளபளத்தது. "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்றார்கள்.

ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டைப் பிடித்து, இனி வராது என்னும் வரையில் முழுவதும் வெளியே இழுத்தேன். நாம் நாள்தோறும் இழுக்கும் முதல் மூன்றடி கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. சுருளுக்குள்ளேயே கிடந்த கடைசி முழத்தில், குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே துணியின் இழைகளுக்கிடையில் காய்ந்த வண்டல், விரலால் தேய்த்தால் மாவுபோல் உதிர்ந்தது. பிறகு முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அதன் தண்டவாளத்தின் அடியில் விளக்கு அடித்துப் பார்த்தேன், ஸ்பிரிங்கில் துரு. ஸ்டீயரிங்கின் கீழே இருந்த வயர் இணைப்பு ஒன்றைக் கழற்றினால், பித்தளை முனைகளில் பாத்திரத்தில் ஏறுவதுபோல் பச்சைக் களிம்பு. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். சேஸ் எண் அதில் இருந்தது. அந்த வண்டிக்குள் இருக்கை உயரத்திற்குத் தண்ணீர் நின்றதை நானே அளந்து எழுதியிருந்தேன். அன்று அதை வாங்கவிருந்தவர், கல்லூரிக்குப் போகும் தன் மகளுக்காகத்தான் பார்த்தார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வண்டிகள் மூழ்கின. திருச்சியில் வெள்ளம் வரவில்லையே என்று எண்ண வேண்டாம். மூழ்கிய வண்டி மூழ்கிய ஊரில் விற்பனைக்கு வராது. ஆகவே எந்த வண்டியானாலும் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், நான்கு பெல்ட்டுகளையும். புத்தம்புதிய பெல்ட் ஒன்று மட்டும் இருந்தால் அதற்கும் காரணம் கேளுங்கள். மிதியடியைத் தூக்கி, அடியில் உள்ள கம்பளத்தின் ஓரத்தை நெம்பிக் கையை உள்ளே விடுங்கள். ஈரமோ மணலோ புளித்த வாடையோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். கடுமையான வாசனைத் திரவியம் தெளித்த வண்டியை நான் எப்போதும் ஐயத்தோடுதான் அணுகுவேன்.

அடுத்து மோதல். சிறிய கீறல், பம்பர் மாற்றியது, ஒரு கதவுக்கு டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தது ஆகியவற்றுக்காக வண்டியை ஒதுக்க வேண்டாம். நம் ஊர்ப் போக்குவரத்தில் எட்டு ஆண்டில் அது நடக்கத்தான் செய்யும். எலும்புக்கூடு அடிபட்டதா என்பதே கேள்வி. பானெட்டைத் திறந்து, அதைப் பிடித்திருக்கும் கீல் போல்ட்டுகளையும் முன் ஃபென்டர் போல்ட்டுகளையும் கிட்டப் பாருங்கள். தொழிற்சாலையில் உடலோடு சேர்த்தே போல்ட்டின் தலைக்கும் நிறம் அடிக்கப்பட்டிருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் அதன் மூலைகளில் நிறம் பெயர்ந்திருக்கும். உள்ளே இருபுறமும் ஓடும் ஏப்ரன் தகட்டில் வட்டவட்டமான சிறு வெல்டிங் குழிகள் சீரான இடைவெளியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் குழிகள் இருந்து மறு பக்கம் மழுங்கலாக இருந்தால், அந்தப் பக்கம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் கழன்று வரும். அதன் அடியிலும் இதே குழிகளைத் தேடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அதன் குழியின் தரையைத் தடவிப் பாருங்கள். சுருக்கமோ புதிய பூச்சோ இருந்தால் பின்னாலிருந்து பலமாக இடி வாங்கியிருக்கிறது.

எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் தயாரிப்பாளர் முத்திரையும் ஆண்டுக் குறியீடும் இருக்கும். ஐந்து கண்ணாடிகள் ஓர் ஆண்டும் ஆறாவது வேறோர் ஆண்டும் காட்டினால் அந்தப் பக்கத்தை இன்னும் கவனமாக ஆராயுங்கள். முன் கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் நெடுஞ்சாலைக் கல் காரணமாக இருக்கலாம். பக்கக் கண்ணாடி தானாக உடையாது.

காற்றுப்பையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு, பலர் செய்வதில்லை. சாவியைத் திருப்பி, இன்ஜினை இயக்காமல் மீட்டரைப் பாருங்கள். காற்றுப்பைக்கான சிவப்பு விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லையென்றால் நிலைமை அதைவிட மோசம்: விபத்தில் பை வெடித்த பிறகு புதியது போடாமல், விளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு விற்கும் பழக்கம் இருக்கிறது. லாரிகளுக்கு நடுவே ஓட்டப்போகும் ஒருவருக்கு அப்படி ஒரு வண்டியைக் கொடுக்கக்கூடாது. விலை எவ்வளவு குறைந்தாலும் கொடுக்கக்கூடாது.

கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். எதை நம்புவது என்று சொல்வதில்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் ஒவ்வொரு வருகையின்போதும் கிலோமீட்டர் பதியப்படும். உரிமையாளரையே உடன் வைத்துக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணம் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஸ்டெப்னியில் இந்த எண் பெரும்பாலும் வண்டியின் தயாரிப்பு மாதத்தை ஒட்டியே இருக்கும். மீட்டரில் 38,000 காட்டும் வண்டியில் ஓடும் டயர்கள் மூன்றாவது செட் என்று தெரியவந்தால், கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால், அந்த 38,000 பொய்.

ஓட்டிப் பார்க்கும் நாளில், நீங்கள் வரும்வரை வண்டியை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் திருப்பில் எப்படி எழுகிறது, முதல் ஒரு நிமிடம் என்ன சத்தம் போடுகிறது, சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்பதுதான் உண்மையான நிலையைச் சொல்லும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய்போல் பிசுக்கு இருந்தால் கூலன்ட் கலந்திருக்க வாய்ப்புண்டு. கூலன்ட் தொட்டியில் நிறமுள்ள திரவத்திற்குப் பதிலாகத் துருப்பிடித்த பழுப்புத் தண்ணீர் இருந்தால், அதை வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். மற்றப் பராமரிப்பும் அப்படித்தான் இருந்திருக்கும். ஏ.சி.யை உச்சி வெயிலில், சிக்னலில் நிற்கும்போது சோதியுங்கள். ஓடும்போது எல்லா ஏ.சி.யும் குளிரும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்பதால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலை மனத்தில் வைத்து, எரிபொருள் குழாய்களில் வெடிப்போ கசிவோ வாடையோ உண்டா என்பதையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த ஓட்டத்தில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டியவர் உங்கள் தங்கை. அண்ணன்கள் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். தாங்களே ஓட்டிப் பார்த்து, தாங்களே திருப்தியடைந்து, சாவியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அவருடைய கால் கிளட்சை முழுவதும் மிதிக்கிறதா, பின்பக்கம் எடுக்கும்போது அவருக்குப் பார்வை போதுமா, காவிரிப் பாலத்து நெரிசலில் அரை கிளட்சில் நிறுத்தி எடுக்க அவருக்கு வருகிறதா என்பதை அவர்தான் சொல்ல முடியும். சக்கர நாற்காலியையும் கூடவே எடுத்துப் போங்கள். லிட்டர் கணக்கில் இடம் இருந்தாலும் செடான் டிக்கியின் வாய் குறுகலாக இருக்கலாம். மடக்கிய நாற்காலியை அவரே தனியாகத் தூக்கி உள்ளே வைத்துப் பார்க்கட்டும். முடிந்தால் மாமியாரையும் ஒரு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இவையெல்லாம் சரியாக அமைந்த பிறகு, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைக் காட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் ஆயிரமோ இரண்டாயிரமோ நீங்கள் செலவிடும் பணத்திலேயே மிகப் பயனுள்ளது.

காகிதங்களுக்கு வருவோம். புதுச்சேரி, கர்நாடகம், டெல்லி எண் கொண்ட வண்டிகள் மலிவாக வரும். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசலுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் தடை விதிக்கப்பட்டதால் அங்கிருந்து நிறைய வந்தன. பழைய ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.), இங்கே வரி, மறுபதிவு என்று அலைய வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பதிவையே வாங்குங்கள். கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் கடன் பதிவை நீக்குவதற்கான, கையெழுத்திட்ட படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்க வேண்டாம். "கடன் எப்போதோ கட்டிவிட்டேன், ஆர்.சி.யில் நீக்கவில்லை, அவ்வளவுதான்" என்பார்கள், உண்மையாகவே இருக்கலாம், அதை நீக்கிக் கொடுப்பது அவர் வேலை. இ-சலான் தளத்தில் நிலுவை அபராதம் உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

விற்பவர் படிவம் 29இலும் இருவரும் படிவம் 30இலும் கையெழுத்திட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சொன்னால் விற்பவரே ஆர்வமாக வந்து கையெழுத்துப் போடுவார். பணத்தை வங்கி வழியாகவே, ஆர்.சி.யில் உள்ள பெயருடைய கணக்குக்கே அனுப்புங்கள். இடைத்தரகர் கணக்குக்கு வேண்டாம். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று காலை நடந்த ஒன்றுக்கும் மாலை நடந்த ஒன்றுக்கும் யார் பொறுப்பு என்பதை அந்த மணிதான் தீர்மானிக்கும்.

யார் பெயரில் பதிவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். பணம் கொடுப்பது நீங்கள் என்பதால் உங்கள் பெயரில் பதிய எண்ணியிருக்கலாம். தங்கை பெயரிலேயே பதியுங்கள். பாலிசியில் 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமம் உள்ள பதிவு உரிமையாளர் ஓட்டும்போதுதான் அவருக்குப் பொருந்தும். வண்டி உங்கள் பெயரில் இருந்து, ஓட்டுவது அவராக இருந்தால், அந்தக் காப்பீடு அவருக்குக் கிடைக்காது. என் வேலையில் நான் கண்ட மிகத் துயரமான கோப்புகளில் சில இந்த ஒரே காரணத்தால் பணமில்லாமல் முடிந்தவை.

இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் மாற்றக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால் மூன்றாம் நபருக்கான பொறுப்பு தொடரும். ஆனால் உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்திற்குக் கேட்கும்போது மறுக்கப்பட இடமுண்டு. விற்பவருடைய கோரிக்கையின்மைத் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) அவரைச் சார்ந்தது, வண்டியைச் சார்ந்தது அல்ல; ஆகவே மீதிக் காலத்திற்கு அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டாக்கை அவர் முடக்கிய பிறகே புதியது எடுக்க முடியும். சமயபுரம் சுங்கச்சாவடியில் நின்று அவருக்குத் தொலைபேசி போடும் நிலை வேண்டாம். இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள்.

வண்டி வந்த முதல் வாரத்திலேயே, எவ்வளவு நன்றாக ஓடினாலும், இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட டயர்களைத் தேயாவிட்டாலும் மாற்றுங்கள். பேட்டரியின் வயது நான்கைத் தொட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று பார்த்து, வீட்டு வாசலில் நிதானமாகத் தங்கையையே ஒரு முறை சக்கரம் கழற்றி மாட்டச் சொல்லுங்கள்.

வண்டி ஒன்று பிடித்துப்போனால், விலை பேசுவதற்கு முன் நான்கு படங்கள் எடுத்து அனுப்புங்கள்: முழுவதும் இழுத்த ஓட்டுநர் பெல்ட்டின் கடைசி முழம், பானெட் கீல் போல்ட்டுகள், ஸ்டெப்னி இல்லாத டிக்கிக் குழி, சாவி திருப்பிய மூன்றாம் நொடியில் மீட்டர். ஆர்.சி.யில் பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு, தயாரிப்பு மாதமும் உரிமையாளர் வரிசையும் தெரியும்படி அதையும் சேர்த்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு அன்றே சொல்கிறேன்.